காப்புக் கட்டிய மாதம்

கிழிந்த வேட்டியைத் துவைத்துத் துவைத்து மெத்தென்றாக்கி, மடித்து, சோளக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள் உண்ணாமலை. தலைப்பிள்ளைக்குத் துணி சேர்ப்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். மற்றவர்கள் கணக்கில் பிள்ளை பிறக்கப் பங்குனி ஆகும். இப்போது தை மாதக் கடைசி.

வைகாசியில் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கும்வரை புருசனும் பெண்டாட்டியும் விலகிப் படுக்க வேண்டும். மேட்டூர் அணைக்கட்டில் கல் சுமக்கும் அவள் புருசன் செங்கோட்டையன் நோம்பிக்கு வந்தவன், காப்பு அவிழ்த்த கையோடு கிளம்பிவிட்டான். இடையில் ஆசை பெரிதா, அம்மன் பெரிதா என்று யார் யோசித்தார்கள்? "ஆருகிட்டயும் மூச்சு உட்டுறாத" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுப் போவது ஆணுக்குச் சுலபம்.

நோம்பி முடிந்த கொஞ்ச நாளில், நிலக்கடலைக் காட்டுக்கு அப்பால் குடியிருக்கும் ஆராயியின் சின்ன மகள் அம்மை போட்டுச் செத்தாள். "காப்புல ஆரோ சுத்தமில்லாம இருந்திருக்காங்க" என்றது ஊர். ஆராயி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் உண்ணாமலைக்குத் தாங்கவில்லை. ஆனியில் செங்கோட்டையன் மறுபடி வந்து போனது வசதியாயிற்று. தீட்டு நின்ற மாதத்தை ஒன்று தள்ளிச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மாசியில் அம்மா கட்டுச்சோறு கொண்டுவந்து பிரசவத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வயிற்றுக்கு அந்த ஏற்பாடு தெரியுமா?

அன்று காலை மாமியார் காளியாத்தாள் கட்டுச்சோறு விருந்துக்குச் சாமான் வாங்க நாமக்கல் சந்தைக்கு வண்டி ஏறினாள்.

"மொகம் ஏன் சாமி வெளுத்துக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்கத்தை. போயிட்டு வாங்க."

வண்டி மறைந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து இடுப்பு விட்டு விட்டு வலித்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி நின்றிருக்கும். தனியாகவே பெற்றுவிடலாம் என்றுதான் இருந்தாள். துணி இருக்கிறது, விளக்கெண்ணெய் இருக்கிறது. ஆனால் உச்சி வெயிலில் பனிக்குடம் உடைந்ததும் பயம் வந்துவிட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரே ஒரு வீடுதான்.

"ஆராயக்கா... ஏனுங்க, அக்கா..."

கதவைக்கூடச் சாத்தாமல் ஆராயி கடலைக் காட்டுக்குக் குறுக்கே ஓடி வந்தாள். கையை அலம்பி வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எட்டுத்தான சாமி ஆவுது? எட்டு மாசப் புள்ள தங்காதே!"

மகளைப் புதைத்த அன்று அழாதவள், இன்னும் பிறக்காத பிள்ளைக்கு வாய்விட்டு அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க உண்ணாமலையால் முடியவில்லை.

"ஒம்பது முடிஞ்சுதுங்கக்கா."

"அதெப்புடி?"

"வைகாசிங்க. நோம்பிக்குள்ள..."

அழுகை நின்றது. ஆராயியின் கை வயிற்றின் மேல் அப்படியே இருந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, தடவவும் இல்லை. காட்டுக்கு அப்பால் அவள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கைக்குக் கீழே பிள்ளை ஒருமுறை புரண்டது.

அடுத்த வலி வந்தது. பிடித்துக்கொள்ள உண்ணாமலைக்கு அந்தக் கைதான் இருந்தது.