பேர் சொல்லாத பச்சிலை

இறங்கிக்கொண்டிருந்த மஞ்சள் காமாலை திடீரென்று மறுபடி ஏறியது. "மாத்திரை தவிர வேற என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டதும், கட்டிலில் கிடந்த மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி, தையல்காரி, முன்னால் வந்தாள்.

"ஏதோ பச்சிலைச் சாறு, டாக்டர். நாத்தனார் குடுத்தாங்க."

"என்ன பச்சிலை? அது தெரியாம நான் எந்த மருந்தைக் குடுக்கிறது?"

நாத்தனார் வெளியே பெஞ்சில் இருந்தார். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர், பிடிவாதத்துக்கும் பஞ்சமில்லை. மருந்துச் செடியின் பேரை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை.

"சொல்லுங்க அண்ணி. உங்க தம்பி உசுரு."

"அதனாலதாம்மா சொல்லல."

தையல்காரிக்குத் தலை சுற்றியது. டாக்டர் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முதல் வாரம் கண் வெளுத்ததை இவளே பார்த்தாளே! அது சாறு செய்த வேலையா, மாத்திரை செய்த வேலையா? யார் மேல் கோபப்படுவது என்றே புரியாமல் தன் மேலேயே கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டாள்.

"பேரைச் சொல்ல வேணாம். செடியைக் காட்டுங்க, போதும்," என்றாள்.

காட்டுவதற்குத் தடை இல்லையாம்.

மெக்கானிக் வேலை பார்க்கும் லாரி ஷெட்டுக்குப் பின்னால், துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவே செடிகள் மண்டிக் கிடந்தன. நாத்தனார் மிடுக்காகப் போய்க் குனிந்து ஒரு செடியைத் தொட்டார். கையை எடுத்தார். பக்கத்துச் செடியைத் தொட்டார். அதே உயரம், அதே பொடி இலை.

"இலைக்கு அடியில காய் இருக்கணும். மொதல்ல எல்லாம் பார்த்துத்தான் பறிச்சேன்."

"அப்புறம்?"

"போன வாரம் நல்ல மழை. அவசரத்துல அள்ளிட்டுப் போயிட்டேன்." இரண்டாவது செடியின் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காயே இல்லை. "கீழாநெல்லின்னு நெனச்சுத்தாம்மா குடுத்தேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, பேரைச் சொல்லிட்டேனே. குடிச்சது பலிக்காமப் போயிடுமே!"

தையல்காரி இரண்டு செடிகளையும் வேரோடு பிடுங்கினாள்.

"பலிக்காமலே போகட்டும் அண்ணி," என்றாள். "வாங்க, ஓடுவோம்."