பலா மரத்துக்கு அந்தப் பக்கம்

ரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டும் குழியை எந்தப் பெண்ணும் நெருங்கக்கூடாது. நெருங்கினால் கல் மறைந்துவிடும். யசவதியும் அதை நம்பியவள்தான். தினமும் தேநீர்க் கெண்டியைப் பலா மரத்தடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். ஆண்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்குக் கெண்டியை வைத்தபோதுதான் ஆற்றைப் பார்த்தாள். காலையில் தெளிந்து கிடந்த தண்ணீர், செம்மண்ணாகக் கலங்கி, நுரையும் பச்சை இலையுமாக வந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. மலையில் கொட்டியிருக்கிறது. ஆற்றங்கரைக் குழியின் அடியில் அவள் புருஷன் ஜினதாச நிற்கிறான்.

"மார்ட்டின் அண்ணே, ஆறு நிறம் மாறுது. அவரை மேல ஏறச் சொல்லுங்க."

குழி வாயில் மண் கூடையை இழுத்துக்கொண்டிருந்த மார்ட்டின் திரும்பவில்லை. "போன மாசமும் இதையேதான் சொன்னே. அரை நாள் வேலை போச்சு. தண்ணி முழங்காலுக்குக்கூட வரல. பொம்பளைங்களுக்குக் கலங்கின தண்ணியெல்லாம் வெள்ளந்தான்."

"அப்படி நினைச்சு ஓடினவங்கதான் எங்க ஊர்ல உயிரோட இருக்காங்க அண்ணே."

"அங்கேயே நில்லு. முதலாளி காதுல விழுந்தா உன் புருஷனுக்கு இனி எந்தக் குழியிலும் வேலை கிடையாது."

வெறும் மிரட்டல் இல்லை அது. மரத்தைத் தாண்டாமல் நின்றாள். ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து போனது. புருஷனைக் கூப்பிட்டுக் கத்தினாள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் இரைச்சலில் குரல் குழிக்குள் இறங்கவில்லை.

பலா மரத்தைத் தாண்டிக் குழியை நோக்கி ஓடினாள். மார்ட்டின் கயிற்றை விட்டால் கூடை கீழே இருப்பவன் தலையில் விழும். அதனால் அவனால் அவளைத் தடுக்க முடியவில்லை. மோட்டாரை நிறுத்தி, அதைக் கிளப்பும் கயிற்றை ஆற்றில் எறிந்தாள். இனி குழிக்குள் ஊற்றுத் தண்ணீர் ஏறும். ஜினதாச மேலே வந்துதான் ஆகவேண்டும்.

ஜினதாச திட்டிக்கொண்டே மேலே வந்தான். குழி வாயில் அவளைக் கண்டதும் முகம் வெளிறியது. "கெடுத்துட்டியேடி" என்று கை ஓங்கினான்.

அப்போதுதான் ஆற்றின் கரை உடைந்தது. மூவரும் மேட்டுக்கு ஓடி ஏறுவதற்குள் குழி இருந்த இடம் தெரியவில்லை. பலா மரத்தடிக் கெண்டியும் போயிற்று.

மார்ட்டின்தான் முதலில் பேசினான். "பொம்பள கால் பட்டுச்சு. ஆறு பொறுக்குமா?"

ஜினதாச பதில் சொல்லட்டும் என்று யசவதி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சேறு படிந்த அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவளும் அங்கேயே பார்த்தாள். ஆற்றைக் கண்டு வந்த பயம் அடங்கியிருந்தது. இப்போது, தன் கால் பட்டதால்தானோ என்ற பயம் தொடங்கியது.