பச்சை எழுத்தில் வந்த மகள்

எக்ஸ்ரேக்காரிக்கு மகள் வந்து சேர்ந்தபோது மகளுக்கு வயது பதினொன்று. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பள்ளிச் சீருடையில், செருப்பு வார் அறுந்துபோன கோபத்தோடு வந்தாள்.

அந்தக் குடும்பத்தில் ஆட்கள் இப்படிச் சேர்வது அதற்கு நாலு வருடம் முன்பே தொடங்கியிருந்தது. ஓய்வுபெற்ற சர்வேயரான அவளுடைய சித்தப்பா வம்சாவளி முழுவதையும் ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிழை பார்க்கச் சொல்லி மாதம் ஒரு நகல் அவளுக்கு அனுப்புவார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வித்தியாசம் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. போன மாத ஃபைலையும் இந்த மாத ஃபைலையும் அதே மாதிரி ஒப்பிடுவாள். புதிதாகச் சேர்ந்த பெயர் பச்சை எழுத்தில் தெரியும். முதலில் பச்சையில் வந்தவர் எழுபத்திரண்டு வயதுப் பெரியப்பா ஒருவர். மூன்றாம் நாள் குடையோடு வீட்டுக்கு வந்தார், நேராக அலமாரியின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார், அவருடைய மூக்குக்கண்ணாடி அதற்குள் இருந்தது. அவரோடு இருபது வருடமாகச் சீட்டாடுவதாகக் கணவன் சொன்னான். அவள் சித்தப்பாவுக்கு போன் போட்டாள்.

"இவரை எப்ப சேர்த்தீங்க?"

"என்னம்மா கேள்வி இது? எங்க அண்ணன். அவர் எப்பவும் இருக்காரே."

அடுத்தடுத்து ஒரு மைத்துனன் வந்தான், இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்களைப் பற்றிய நினைவு எல்லோருக்கும் வந்தது, ஒப்பிட்டுப் பார்த்தவளுக்கு மட்டும் வரவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரியப்பா ஞாபகத்தில் இல்லாததால் யார் குடியும் முழுகிவிடாது.

பிறகு ஒரு சனிக்கிழமை, அவளுடைய பெயருக்குக் கீழேயே ஒரு பச்சை வரி வந்தது. மகள். பிறந்த தேதியை இரண்டு தடவை படித்தாள். ஏழாம் மாதத்தில் கலைந்த அவளுடைய குழந்தைக்கு, பிரசவ நாள் என்று டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி அது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவன், "எக்ஸ்ரே ரூமை விடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நீயே உன் பிள்ளையைக் கொன்னுட்ட" என்று சொல்லியிருந்தான். பதினொரு வருடமாக அந்த வார்த்தையோடுதான் அவள் அவனுக்குச் சமைத்துப் போட்டாள்.

மூன்றாம் நாளான செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண் உள்ளே வந்து பையை எறிந்தாள். "அம்மா, தண்ணி." அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளறையிலிருந்து கணவன், "வந்துட்டாளா?" என்றான், தினமும் கேட்கிறவன் போல.

மகள் முதலடி வைத்த இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மை போட்ட வருடமும் தெரிந்திருந்தது. வராந்தாவில் சொன்னதைப் பற்றி எக்ஸ்ரேக்காரி கேட்டபோது நிஜமாகவே திகைத்தான். "நான் அப்படிச் சொல்வேனா? நம்ம பிள்ளைதான் சுகமா பொறந்துச்சே. ஏதாவது கெட்ட கனவா இருக்கும்." அவனை மன்னிக்கக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. செத்த குழந்தைக்கு உலகத்தில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒப்பிட ஏதும் இல்லாவிட்டால் தனக்கும் நினைவு வந்துவிடும் என்று நம்பி, பழைய நகல்களை எல்லாம் அழித்தாள். வரவில்லை. பிழை பார்க்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். அதன் பிறகு யார் யார் புதிதாக வந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மகளுடைய சின்ன வயதை பேச்சுவாக்கில் கேட்பது மாதிரி ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சேகரித்தாள். மகளுக்கு அம்மா மேல் ஒரு தீராத குறை உண்டு. "உனக்கு என்னைப் பத்தி எதுவுமே ஞாபகம் இருக்கிறதில்ல" என்பாள்.

மகளுக்குப் பதினாறு நடக்கும்போது கடுங்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மத்தியானம், நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"சின்ன வயசுல எனக்குப் பாடுவியே, அதைப் பாடும்மா."

எக்ஸ்ரேக்காரி எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த கணவனிடம், "நான் இவளுக்கு என்ன பாட்டுங்க பாடுவேன்?" என்றாள். அவன் சிரித்தான், கரகரத்த குரலில் நாலு வரி பாடிக் காட்டினான். அவள் கதவைப் பிடித்தபடி இரண்டு தடவை கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, படுக்கையில் உட்கார்ந்து பாடினாள்.

"ராகம் தப்பு," என்றாள் மகள். ஆனாலும் தூங்கிப்போனாள்.