கணவன் தரவேண்டிய கடிதம்

எண்ணூர்ச் சாலையில் ஒரு தனியார் யார்டு, கன்டெய்னர் தூக்கும் வண்டியை ஓட்ட ஃப்ளோராவைத் தேர்ந்தெடுத்திருந்தது. கனரக வாகன உரிமம் அவளிடம் உண்டு. மூன்று மாதப் பயிற்சியில் அவளே முதலிடம். ஆயினும், பெண் என்பதால், கணவன் அனுமதிக்கும் கடிதம் ஒன்று வேண்டுமாம். இன்று பத்து மணிக்குள் வராவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

உடன் பயின்ற பதினோரு ஆண்களில் ஒருவரிடமும் மனைவியின் கடிதத்தை எவரும் கேட்கவில்லை.

ராயபுரத்து வீட்டில், காலை ஆறு மணிக்கு, அவள் கணவன் நோயல் கடிதம் எழுத உட்கார்ந்தான். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ஆங்கிலத்தில் எழுதினால்தான் எடுபடும் என்பது அவன் எண்ணம். 'அலவ்' என்று போடுவதா, 'பெர்மிட்' என்று போடுவதா? கைப்பேசி அகராதியைத் திறந்தான்.

“மே ஃப்ளோரா, இங்க பாரேன். இந்த அலவ், பிரெஞ்சுக்காரன் வழியா வந்துகீது. அதுக்கும் அடியில ரெண்டு லத்தீன் வார்த்தை. ஒண்ணு, புகழறது. இன்னொண்ணு, இடம் ஒதுக்கித் தர்றது. ரெண்டும் கலந்து ஒண்ணாயிடுச்சாம்.”

“அப்போ என்னப் புகழப் போற?” தோசையைத் திருப்பியபடி கேட்டாள்.

“பின்ன? நீ ரிவர்ஸ் எடுக்கற அழகுக்கு ஊரே நின்னு பாக்குது.”

“புகழு, வாணான்னா சொல்றேன்? ஆனா இடம் ஒதுக்கறதுக்கு அந்த வண்டி சீட்டு இன்னா, உங்கப்பன் வூட்டு சொத்தா?”

நோயல் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. சென்ற ஆண்டு அரக்கோணத்துக்கு ஆறு மாதப் பணி வந்தபோது, 'போகிறேன்' என்றான், போனான். அவளிடம் ஒரு துண்டுச் சீட்டைக்கூட அரசாங்கம் கேட்கவில்லை. அவனும்தான் கேட்கவில்லை. பேனாவை மூடினான்.

“இன்னாபா, எழுதலியா? இது போச்சுன்னா எனக்கு மறுபடி ஷேர் ஆட்டோ ஓட்டறதுதான்.” அவள் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

“அனுமதிக்கிறேன்னு எழுதுனா பொய்யிமே. எங்கிட்ட இல்லாதத எப்படிக் குடுப்பேன்? நீ எழுது. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு தமிழிலேயே எழுதினாள்: 'இந்த வேலையைச் செய்ய நான் முடிவு செய்துள்ளேன்.' அவன் கீழே ஒப்பமிட்டான்.

யார்டு மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். திருப்தி இல்லை. ஃப்ளோரா எதிரில் நிற்கையிலேயே, ஸ்பீக்கரில் நோயலை அழைத்தார்.

“சார், நீங்க அனுமதிக்கிறீங்களா, இல்லையா?”

“அத அவங்களத்தான் சார் கேக்கணும். எதுர்லதான நிக்கிறாங்க?”

பக்கத்து மேசை குமாஸ்தா சிரிப்பை அடக்கினார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, உனக்குச் சம்மதமா?”

“அதுக்குத்தான சார் மூணு மாசமா வந்துகினு கீறேன்.”

அவர் கடிதத்தைக் கோப்பில் செருகினார். “ரெண்டாம் நம்பர் வண்டி. ஹாரன் கொஞ்சம் மக்கர். பார்த்து ஓட்டு.”

“ஹாரன் இல்லாத வண்டிய எப்படி சார் குடுப்பீங்க?” என்று மேசைமேல் கைப்பேசி அலறியது.

“யோவ், அத நான் கேட்டுக்கிறேன். நீ போன வையி,” என்றாள் ஃப்ளோரா.