இரண்டு ஷிப்டுக்கு நடுவே ஒரு குழந்தை

பிற்பகல் மூன்று மணி. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கிய பூமாரி, வரிசை வீடுகள் இருந்த சந்துக்குள் ஏறக்குறைய ஓடினாள். ஒன்றரை வயது மகள் சத்யப்பிரியா பாயில் கிடந்தாள். பெயர் சொல்லி அழைத்தும் கண் திறக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் துவண்டன. பக்கத்தில், இரவு ஷிப்டு முடித்து வந்த கணவன் அருள்பாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

மூன்று வாரமாக இதே காட்சி. விளக்கேற்றும் வேளையில்தான் குழந்தைக்குத் தெளிவு வரும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். பூமாரிக்குக் காலை ஷிப்டு, ஐந்தரைக்குப் பேருந்து. அருள்பாண்டி வேலை முடிந்து வீடு சேர ஏழரை ஆகும். இடையில் விழும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் எதிர்வீட்டுக் கனகம் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். முழுநாள் காப்பகம் ஐயாயிரம் கேட்டது. "அப்பன் நான் வீட்லதான கெடக்கேன், எதுக்குத் தெண்டச் செலவு?" என்றான் அருள்பாண்டி. மிச்சமான பணம் மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதற்கென்று வங்கியில் சேர்ந்தது. கணவனும் மனைவியும் எதிரெதிர் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள்வது அந்தச் சந்தில் வழக்கம். தூங்குகிறவனைக் காவலுக்கு வைத்துவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள்!

சந்தேகத்தின் முதல் பொறியைப் பற்றவைத்தவள் கம்பெனியில் பூமாரியோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் சசிரேகா. "கொயந்த இப்டி தூங்குதுன்னா யாரோ பால்ல எதையோ ஊத்துறாங்கன்னு அர்த்தம்டி. எங்க ஏரியால ஒரு பொம்பள அப்டித்தான், தூங்க வெச்சிட்டு சீரியல் பாத்துகினு இருந்துச்சு."

அன்றிலிருந்து பூமாரி பால்புட்டியை முகர்ந்து பார்த்தாள். "வாடி என் கட்டித் தங்கம்" என்று கனகம் கொஞ்சினால் அந்தக் கொஞ்சலிலும் களவு தெரிந்தது. கூலிக்குப் பிள்ளை பார்க்கும் பெண்ணைக் குற்றவாளி ஆக்குவது நமக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! தன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பூமாரிக்குத் தோன்றவே இல்லை.

இன்று பொறுமை அறுந்தது. துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கனகத்தின் வாசலில் போய் நின்றாள்.

"ஏக்கா, நெசத்தச் சொல்லுங்க. பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கீய?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கனகம் நிமிர்ந்தாள். "இன்னாத்த குடுக்குறேன்? நீ வெச்சிட்டுப் போற பாலத்தான்."

"பொய் சொல்லாதீய. ஆயிரத்தைநூறு ரூவா வாங்கிட்டு..."

"தே, வாய அடக்கிப் பேசு! உன் ஆயிரத்தைநூறுல நா இன்னா மாடி வூடா கட்டிட்டேன்? போன வாரம் ரெண்டு நாளு மணிமங்கலத்துல எங்க அண்ணன் வூட்டுக் கல்யாணத்துல இருந்தேன். பக்கத்து ரூம்காரிதான உன் பொண்ணப் பாத்துகினா? அன்னிக்கி இது இன்னா, ரன்னிங் ரேஸா ஓடிச்சி?"

பூமாரி தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் குழந்தை இப்படியேதான் கிடந்தது.

"ஏழரைக்கு உன் வூட்டுக்காரர் கைல குடுக்கும்போது என் முடியப் புட்சி இஸ்துகினு இருக்கும். ரெண்டு மணி நேரம் என்கிட்ட. மிச்ச ஏழரை மணி நேரம் யார்கிட்ட? அங்க போய்க் கேளு!"

வீடு திரும்பினாள். அருள்பாண்டி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். தூங்கி எழுந்தவன் முகமாக அது இல்லை.

"வெளிய அம்புட்டுச் சத்தம். உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"பொறவு ஏன் வரல?"

அவன் தன் வேலைப் பையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்துத் தரையில் வைத்தான்.

"சளி மருந்துதான். முதல்ல அரை மூடி. இப்ப ஒரு மூடி. அவ முழிச்சிருந்தா என்னால தூங்க முடியல பூமாரி. தகடு வெட்டுற ப்ரெஸ் மிசின்ல நிக்கும்போது கண்ணு சொக்கிட்டு. ஒரு நொடி தப்பியிருந்தா விரலு போயிருக்கும். விரலு போச்சுன்னா இவள யாரு படிக்க வைப்பா?"

"படிக்க வைக்கதுக்கா பிள்ளைய மயக்கிப் போட்டீய?"

திருப்பெரும்புதூர் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தபோது, யாரும் அழைக்காமலே கனகமும் ஏறினாள். "மொதல்ல பொண்ணப் பாப்போம். அப்பால சண்ட போட்டுக்கலாம்." மருத்துவரிடம் அருள்பாண்டி எதையும் ஒளிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா மூச்சு நின்னிருக்கும்" என்றார் அந்த அம்மையார். இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்த பிறகே குழந்தை தேறினாள்.

"நாளைக்கே காப்பகத்துல சேத்திருவோம். ஸ்கூலு பொறவு பாத்துக்கிடலாம்" என்றான் அருள்பாண்டி, தலை நிமிராமல். பூமாரி கனகத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள்.

"வுடுமே. காசு வாங்குறவன்னா சந்தேகம், புருசன்னா நம்பிக்க. ஊர் ஒலகமே அப்டித்தான் கீது."

நான்காம் நாள் காலை, ஷிப்டு தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் சூப்பர்வைசர் சுப்பிரமணி விடுப்புக்குக் காரணம் கேட்டார். நாற்பது பெண்களுக்கு முன்னால் பூமாரி நடந்ததைச் சொன்னாள்.

"அது உங்க வூட்டு விஷயம்மா. கம்பெனி இன்னா பண்ணும்?"

பூமாரியின் குரல் உயர்ந்தது. "அம்பது பேரு வேலை பாக்க எடத்துல காப்பகம் இருக்கணும்னு சட்டமே இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க சார். இந்தக் கம்பெனில எத்தன நூறு பேரு இருக்கோம்? பிள்ள சும்மா வளரும்னு நாங்களும் நினைச்சோம், நீங்களும் நினைச்சீய. பிள்ள வளக்கது ஓசி வேலை இல்ல சார். அதுக்கு உள்ள காச நாங்களும் குடுக்கல, நீங்களும் குடுக்கல. எம்பிள்ள தன் உசுரால குடுக்கப் பாத்துச்சு. காப்பகம் எப்பத் தெறப்பீய?"

வேலை தொடங்கும் மணி அடித்தது. பலர் தங்கள் இடத்துக்கு நடந்தார்கள். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த பதினொரு பெண்கள் மட்டும் பூமாரியோடு அங்கேயே நின்றார்கள், பதிலுக்காக.