தொண்ணூறு அடி

வைகை அணையைத் தொண்ணூறு அடிக்கு நிரப்பியவன் நான். அதுவும் கத்திரி வெயிலில், வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லாத நாளில், ஜவுளிக்கடை லிஃப்டுக்குள் நின்றுகொண்டு நிரப்பினேன். நிரம்பி வழிந்தாலும் அது எழுபத்தோரு அடிதானே என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதைக் கேட்கவென்றே எனக்கு ஒரு மைத்துனன் வாய்த்திருக்கிறான்.

அருள்பாண்டி, என் மனைவி கனகலட்சுமியின் தம்பி. பொதுப்பணித்துறையில் அணையின் நீர்மட்டம் பார்த்துக் குறிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் மதுரையில் வானொலி அறிவிப்பாளனாக இருந்தவன். காலையில் அவன் ஆபீசிலிருந்து போனில் வருகிற அளவைத்தான் நான் மைக்கில் வாசிப்பேன். சரியாக வாசிக்கிறேனா என்று அவன் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பான். வீட்டிலும் தெருவிலும் நான் விட்ட கதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் யானைமலை குட்டையாகிவிடும். ஆனால் மைக் முன்னால் அரை அடி கூட்டியதில்லை, குறைத்ததில்லை. என்னிடம் அவன் நம்பியது அந்த ஒன்றைத்தான். மற்றபடி நான் விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவான்.

ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா இருக்கவில்லை. யூடியூபில் சேனல் தொடங்கினேன். கனகலட்சுமி மட்டும் பார்த்தாள், அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தேன். பந்தி தயார் என்று நான் அறிவித்த அழகில் சொக்கிப்போய் ஒருவரும் சாப்பிட எழுந்திருக்கவில்லை, சாம்பார் ஆறிவிட்டது என்று அந்த வேலையும் போயிற்று. கடைசியில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், லிஃப்டுக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார். குடோனில் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். மேனேஜர் பையன், செய்தி மாதிரி இழுக்காதீங்க சார், அதுக்குள்ள கதவு திறந்து மூடிரும் என்றான். அரைமணி நேர நிகழ்ச்சி செய்த வாய், கதவு திறக்கிற நேரத்துக்குள் பேசி முடிக்கப் பழகியது. அறுபது வயதுக்கு மேல் தொழிலை மறுபடி அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்வது லேசில்லை. ஆபத்து நேரத்துக்கென்று தனியாக ஒரு வாக்கியமும் கொடுத்தார்கள். "கவலைப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது." அதை நான் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

இதைச் சொன்னதும் அருள்பாண்டி, "விடுங்க மச்சான், அது கம்ப்யூட்டரு. இப்ப மனுசக் குரல எவன் வாங்குறான்" என்றான். கேட்டுவிட்டுப் பேசு என்று அன்று மத்தியானமே கையோடு கூட்டிப்போனேன். எங்களோடு லிஃப்டில் செல்லத்தாய் என்று ஒரு பெண்ணும் ஏறினாள். கொட்டாம்பட்டியிலிருந்து மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்தவள். கூட வந்தவர்கள் படியேறிப் போய்விட்டார்களாம், தனக்கு மூட்டுவலி என்றாள்.

முதல் தளம் தாண்டியதும் கரண்டு போயிற்று. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விசிறியும் நின்றது. சின்னதாக ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அதோடு, பேட்டரியின் தயவில், என் குரல்.

"இரண்டாம் தளம். பட்டுப் புடவைகள். கதவு திறக்கிறது."

திறக்கவில்லை. மறுபடியும் அதையே சொன்னது, அதே நிதானத்தோடு.

"தொறக்குதுன்னுதான சொல்றாரு" என்றாள் செல்லத்தாய்.

அந்த நேரத்திலும் எனக்கு வாய் நிற்கவில்லை. "அது நான்தாம்மா. என் குரல்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பத் தொறந்து விடுங்கண்ணே."

அருள்பாண்டி விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டிய இடம் அது. திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். சட்டைப் பொத்தானை அவிழ்க்க விரல் தடுமாறியது. போன வருடம்தான் அவனுக்கு இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள்.

"நெஞ்ச அடைக்குது மச்சான்."

மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். கவலைப்பட வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது என்று நானே எனக்குச் சொன்னேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி சொன்னேன். செல்போனில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டிக் கத்தினோம். உடம்புக்கு முடியாதவர் இருக்கிறார் என்றதும், ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, லிஃப்ட் மெக்கானிக் திருமங்கலம் தாண்டி வந்துகொண்டிருக்கிறார் என்று கீழிருந்து வாட்ச்மேன் சத்தம் போட்டார். எழுமலை வரைக்கும் வயலுக்கு வயல் கேட்ட குரல் என்னுடையது. ஒரு தகரக் கதவைத் தாண்டி அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

செல்லத்தாய் முந்தானையால் அவனுக்கு விசிறினாள். "என்னமாச்சும் பேச்சுக் குடுங்கண்ணே. கண்ண மூட விட்றாதீக."

வானொலியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து வருகிற இணைப்பு அறுந்துபோனால் அறிவிப்பாளன் பேசி இட்டு நிரப்ப வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது அப்புறம். மௌனம் மட்டும் கூடாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வாய் தானாகத் திறந்தது.

"நேயர்களுக்கு வணக்கம். இன்றைய அணை நிலவரம். வைகை அணையின் நீர்மட்டம் எழுபத்தைந்து அடி."

அவன் கண் திறந்தது. "எழுவத்தொண்ணு... தான்... மொத்தமே."

அதைச் சொல்வதற்காக அவன் ஒரு மூச்சை உள்ளே இழுத்ததைப் பார்த்தேன். உடனே எண்பதுக்கு ஏற்றினேன்.

"வழிஞ்சு... ஓடிரும் மச்சான்."

மதகுகள் அனைத்தும் மூடப்பட்டுள்ளன என்றேன். அதைக் கேட்டு அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எந்த மடையன்... மூடுனது?" நல்ல மூச்சு, நெஞ்சு நிறைய. செல்லத்தாய் விசிறுவதை நிறுத்தி, எங்க கம்மாய்க்கு விட்டாங்களாண்ணே என்று கேட்டாள். அதையும் கரை தொட நிரப்பிக் கொடுத்தேன். ஆற்றில் வெள்ளம் அதிகமானதால் கள்ளழகர் குதிரையைக் கரையிலேயே நிறுத்திவிட்டுப் பரிசலில் ஏறினார் என்று அறிவித்தேன். அவரு ஏற மாட்டாரு என்றான், மெதுவாக. எண்பத்தைந்து. தலையை மட்டும் ஆட்டி மறுத்தான். நடுநடுவே மேலிருந்து அந்த இன்னொரு நான், பிசிறில்லாமல், கதவு திறக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அமுக்க இந்த நான் கத்தக் கத்தத் தொண்டை உடைந்தது.

"தொண்ணூறு அடி" என்றேன்.

காத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"இருக்கும் மச்சான்" என்றான். "இருக்கும்."

இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து கேட்காத சொல். அதைவிடப் பெரிய பொய் ஒன்றைத் தேடினேன். ஆயிரம் பொய் வைத்திருந்த ஆளுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு அறுந்து நின்றேன். மேலே கடப்பாரையை நுழைத்துக் கதவை நெம்பும் சத்தம் கேட்டது. இடுக்கில் வெளிச்சமும், நாலைந்து கைகளும் தெரிந்தன.

ஆஸ்பத்திரியில் ஊசி, ஒயர் எல்லாம் மாட்டிய பிறகு என்னை உள்ளே விட்டார்கள். ஷாஹீதா என்ற நர்ஸ், இவரு நெனவோடதான் இருந்தாரா, கடைசியா என்ன பேசினாரு என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுபத்தைந்து, எண்பது, பரிசல், தொண்ணூறு. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். உட்காருங்கப்பா, உங்களுக்கும் ஒரு தடவை பிரஷர் பாத்துருவோம் என்றாள்.

கட்டிலில் அருள்பாண்டி ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கினான்.

"அவரு சொல்றது நெசந்தாம்மா. தொண்ணூறு அடி."

"மாப்ள" என்றேன். "நான் சும்மா சொன்னேன்டா. எழுவத்தொண்ணுதான். நீ சொல்லு, எழுவத்தொண்ணுதான்னு சொல்லு."

அவன் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான். ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கினான். டியூப் ஆட, உள்ளங்கையைத் தலைக்கு மேலே தட்டையாக நிறுத்தித் தண்ணீர் நின்ற இடத்தைக் காட்டினான். ஷாஹீதா அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அவன் இறக்கவில்லை.

"நெறஞ்சு நின்னுச்சு மச்சான். இந்தா, இம்புட்டு. நான் பாத்தேன்."