கெய்லின் திரும்ப வாங்கிக்கொண்ட கதை

"நேத்து ராத்திரி எங்க படுத்தே?" எங்கள் பட்டியலில் முதல் கேள்வி அது. பல்கலைக்கழகத்து மரியன் கொண்டுவந்த கேள்விகளை அடித்துவிட்டு, சொந்தமாகக் கூரை இல்லாத நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து எழுதியது. வீடில்லாத எங்கள் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை அந்தப் பிள்ளைகளே செய்வது என்று ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான டவுன்ஸ்வில் வெயிலில் எட்டு மாதம் அலைந்து முப்பத்தெட்டுப் பேரிடம் பேசினோம்.

கடைசியாகப் பேசியது என் சித்தி மகள் கெய்லின். பதினேழு வயது. நூலகத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் ஒரு மணி நேரம் பேசினாள். நோரீன் அத்தையின் மூன்று அறை வீட்டில் பதினோரு பேர், அதில் நானும் ஒருத்தி. துணி துவைக்கும் அறையில் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் படுக்கை. மழை பெய்தால் தரையில் தண்ணீர் வந்துவிடும், உட்கார்ந்தே விடிய வேண்டியதுதான்.

மரியன் அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டாள். "நம்ம அறிக்கைக்கு இதுதான் உயிர், ஷொன்டெல்" என்றாள். எனக்கும் அது தெரிந்தது.

அறிக்கை அச்சுக்குப் போகிற வாரம் கெய்லின் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, நான் பேசினத எடுத்துரு."

"உன் பேரே போடலடி. யாருக்குத் தெரியப் போகுது?"

"துவைக்கிற ரூம்ல படுக்கிறவ இந்த ஊர்ல எத்தன பேரு? போன வாரம் கவர்மென்ட் வீட்டு வாடகை ஆபீஸ்காரன் வந்து வாசல்ல செருப்ப எண்ணிட்டுப் போனான். அளவுக்கு மேல ஆள் இருக்குன்னு இன்னொரு தடவ மாட்டினா அத்தைக்கு வீடு போயிரும். அப்புறம் பதினோரு பேருகிட்டயும் உன் கேள்வியக் கேட்டுக்கோ, போ."

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் போய்ச் சொன்னதும் மரியன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் மாத்தி எழுதிப் பாக்கலாமா?"

"மாத்தினா அது அவ கதையே இல்ல. சொன்னவங்க எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கிக்கலாம்னு கையெழுத்துத் தாள்ல போட்டிருக்கோமே."

"அந்த வரிய எழுதினதே நீதான்" என்றாள் மரியன். களைத்த முகத்தோடு, கெய்லின் பேசியதை எழுதிவைத்திருந்த ஒன்பது பக்கத்தையும் என் கண்முன்னாலேயே அழித்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைப் பற்றி அவள் பேசவில்லை.

அறிக்கையைக் கொடுக்கப் போன கூட்டத்தில் வீட்டுவசதி அதிகாரி பக்கங்களைப் புரட்டினார்.

"தெருவுல படுக்கிறவங்களப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க. வீடுகள்லயும் நெரிசல்னு ஒரு வரி இருக்கே, அதுக்கு ஆதாரம்?"

மரியன் என்னைப் பார்த்தாள். அன்று காலையில் குளிக்கக்கூட வரிசையில் நின்றுவிட்டு வந்தவள் நான்.

"காட்டுறதுக்கு இல்லைங்க" என்றேன்.

அவர் அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

ஆறு மாதம் கழித்து, தெருவில் படுக்கும் பிள்ளைகளுக்கென்று எட்டுக் கட்டில் போட்ட விடுதி ஒன்று திறந்தது. பாலத்தடியில் நாங்கள் பேசிய இரண்டு பேருக்கு அங்கே இடம் கிடைத்தது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கெய்லினும் இடம் கேட்டு எழுதிப் போட்டாள். அத்தை வீடு இருக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஆய்வுக்கு வரச்சொல்லி மரியன் போன் செய்தாள்.

"கொஞ்ச நாள் போகட்டும், மரியன்" என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை.